மகளுக்கு ஒரு கயாக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. விஷயம், படகு. குறிஞ்சிப்பாடியில் தறியைப் பற்றிப் பேசுவோம், கைலி வியாபாரத்தைப் பற்றிப் பேசுவோம், முந்திரி விலையைப் பற்றிப் பேசுவோம். படகைப் பற்றி எங்கள் தெருவில் கடைசியாகப் பேசியது 2015 நவம்பர் வெள்ளத்தின்போதுதான்.

என் மூத்த மகளுக்கு வயது நாற்பத்தாறு. சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை. புதுச்சேரிப் பக்கம் ஒரு உப்பங்கழியில் வாடகைக்கு விடும் கயாக்கில் இரண்டு மூன்று முறை போய் வந்திருக்கிறாள். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கி, விடுமுறை நாட்களில் தூண்டில் போட வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளைக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. நல்ல மனிதர், தாராளமான கை. "மாமா, வாங்கறதே வாங்கறோம், பெரிசா நல்லதா ஒண்ணு வாங்கிடுவோம்" என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். காலால் மிதித்து ஓட்டும் கயாக். நாற்காலி, சுக்கான், தூண்டில் செருக நாலு குழாய், மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி வைக்க ஒரு தட்டு, எல்லாம் இருக்கிறது. விலைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டரே வாங்கிவிடலாம்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்கப்பா" என்று என்னைப் பார்த்தாள்.

நான் அன்று ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். காரணம் பிறகு சொல்கிறேன். அதன் பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், ஒரு முறை சென்னைக்கும் போய் வந்தேன். இப்போது எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நம் வயதுக்காரர்களில் பலருக்கு இப்படி ஏதாவது கேட்டு வரும் மகளோ, மருமகளோ, பேத்தியோ இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கயாக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு ஆள் உட்காரும் குறுகலான படகு. ஒரே துடுப்பு, அதற்கு இரண்டு முனையிலும் இலை. வலமும் இடமும் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அறுபதுகளில், புதுச்சேரியில், மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது. பூகோள வாத்தியார் போல்-எமீல் விக்தோர் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்வார். அவர் 1934-ல் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போய் அங்குள்ள மக்களோடு ஓராண்டு தங்கியவர். 1936-ல் பனிமலையையே குறுக்கே கடந்தவர். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து பனியைப் பற்றிக் கேட்பது ஒரு தனி சுகம். கிரீன்லாந்தில் இரண்டு வகைப் படகு உண்டு என்று வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. கயாக், ஆண்கள் தனியாக வேட்டைக்குப் போவது. உமியாக், குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு பெண்கள் துடுப்புப் போடுவது. அதற்குப் பெண்கள் படகு என்றே பெயர்.

இப்போது படித்ததில்தான் மற்றொரு விஷயம் தெரிந்தது. அந்த மக்கள் கயாக்கைக் கடையில் பொறுக்கி எடுப்பதில்லை. ஓட்டப் போகிறவனின் உடம்பை அளந்து செய்வார்கள். கைகள் இரண்டையும் விரித்த நீளத்தைப் போல மூன்று பங்கு நீளம். இடுப்பு அகலத்தோடு இரண்டு கை முஷ்டி சேர்த்தால் படகின் அகலம். மேலே போர்த்தும் சீல் தோலைத் தைத்தது பெண்கள். ஓட்டுகிறவன் வேறு, உடம்புக்குச் சொந்தக்காரன் வேறு என்ற குழப்பமே அங்கே இல்லை. நம் திண்ணையில் அந்தக் குழப்பம்தான் நடந்தது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் கயாக் வாங்கும் பெண் மூன்று கேள்வி கேட்டால் போதும். என்னால் இதைத் தனியாகக் காரிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து காருக்கும் கொண்டு போக முடியுமா? கவிழ்ந்தால் தனியாக ஏற முடியுமா? இரண்டு மணி நேரம் இடுப்பு நோகாமல் உட்கார முடியுமா? மீன் காட்டும் கருவியெல்லாம் பிறகு.

முதல் கேள்விக்குக் கடைக்காரர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கடையில் படகு சுவரில் சாத்தியிருக்கும். நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்கு வரும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. பத்தடி நீள பிளாஸ்டிக் கயாக் ஏறக்குறைய ஒரு சிப்பம். இரண்டு மூன்று கிலோ முன்பின் இருக்கும். மாப்பிள்ளை காட்டிய மிதி கயாக் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு சிப்பம். ஒரு சிப்பத்தை என் மகள் இடுப்பில் வைத்து நகர்த்திவிடுவாள். இரண்டு சிப்பத்துக்கு மாப்பிள்ளை வர வேண்டும். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்றால் படகு ஷெட்டில் இருக்கும். இரண்டு மாதத்தில் அதன்மேல் பழைய பாய், வெங்காயக் கூடை எல்லாம் ஏறிவிடும். "அவதான் போகவே இல்லையே" என்று பிறகு நாமே சொல்வோம்.

ஒரு சிப்பத்தையும் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. படகின் மூக்கைக் காரின் பின்பக்கக் கூரையில் சாத்தி, வால் பக்கத்தைப் பிடித்து முன்னே தள்ளினால் பாதி எடைதான் கையில் வரும். கரையிலிருந்து தண்ணீருக்கு இரண்டு சக்கர வண்டி ஒன்று கிடைக்கிறது. படகின் அடியில் வைத்து நாடாவால் கட்டி இழுக்கலாம். பணம் மிச்சமிருந்தால் முதலில் அதை வாங்கச் சொல்வேன்.

காற்றடிக்கும் ரகமும் இருக்கிறது. சென்னைக் கடையில் பார்த்த ஒன்றின் அட்டையில் 'கோன்ஃப்ளாப்ல்' என்று பிரெஞ்சில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டியதும் விற்கிற பையன் என்னை ஏதோ பெரிய மனிதர் என்று நினைத்துவிட்டான். மடித்தால் கார் டிக்கியில் அடங்கும், எடையும் பாதிதான். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் நம் பக்கத்து ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் கிடக்கிறது, தண்ணீருக்குள் நெய்வேலிக் காட்டாமணக்குக் கட்டை நிற்கிறது, கையில் தூண்டில் முள் வேறு. தவிர, லேசான படகைக் காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும். இடம் இருக்கிறவர்கள் பிளாஸ்டிக்கே வாங்கலாம்.

மிதி கயாக் மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அமெரிக்காவில் ஹோபி கம்பெனி 1997-ல் கொண்டு வந்த ஏற்பாடு அது; கை இரண்டும் தூண்டிலுக்குச் சும்மா இருக்கும் என்பது உண்மை. ஆனால் மிதிக்கும்போது அடியில் ஆடும் துடுப்புக்கு முழங்கால் ஆழமாவது தண்ணீர் வேண்டும், பாசி கூடாது. பெருமாள் ஏரியின் ஓரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் நடு ஏரியில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கயாக்கில் இரண்டு ஜாதி. ஒன்று, உள்ளே காலை நீட்டி உட்காருவது. அது வேகமாகப் போகும். கவிழ்ந்தால் தொட்டி மாதிரி நிரம்பிவிடும், பழகாதவர் அதை நடுத்தண்ணீரில் இறைத்து மறுபடி ஏறுவது கஷ்டம். மற்றொன்று, மேலே உட்காருவது. உள்ளே காற்று அடைத்து மூடிய வெற்றுக் கூடு அது. உட்காரும் இடத்தில் அடிவரை ஓட்டைகள் இருக்கும். அலை மேலே வந்தாலும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வடிந்துவிடும். ஓட்டைப் படகு என்று பயப்படாதீர்கள். நம் கட்டுமரம் வேறென்ன? நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டியதுதானே; இடுக்கெல்லாம் தண்ணீர் வந்து போகும், மரம் மட்டும் முழுகாது. 'கட்டமரான்' என்று பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சொல்வது நம் சொல்தான். வெள்ளைக்காரன் பிளாஸ்டிக்கில் கட்டுமரம் செய்து நமக்கே விற்கிறான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், சிரித்தார்.

மேலே உட்காருவது கவிழ்ந்தால் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. படகை நிமிர்த்தி, நடுவில் பக்கவாட்டில் நின்று, எதிர்ப்பக்க ஓரத்தைக் கையால் எட்டிப் பிடிக்க வேண்டும். காலை நீச்சலடிப்பது போல் உதைத்துக்கொண்டே வயிற்றால் மேலே வழுக்கி ஏறி, குப்புறப் படுத்து, மல்லாந்து திரும்பி, பிறகு காலை உள்ளே எடுத்து வைத்து உட்கார வேண்டும். கைப்பலத்தைவிடக் கால் உதையும் பழக்கமும்தான் இதற்கு வேண்டும். கை எட்டாதவர்கள் பக்கவாட்டில் ஒரு நாடா வளையம் கட்டிக் காலை வைத்து ஏறலாம். இதை மார்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பத்து முறையாவது செய்த பிறகுதான் தூண்டிலைத் தொட வேண்டும். துப்பட்டா, புடவை கூடவே கூடாது.

நீச்சல் தெரியாமல் இதெல்லாம் பேசக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகள் நாற்பத்து மூன்றாவது வயதில், மைத்துனர் நிலத்துப் பம்புசெட்டுக் கிணற்றில் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். ஊர்ப் பையன்கள் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. நான்தான் மேலே நின்று பையன்களை விரட்டிக்கொண்டிருந்தேன்.

லைஃப் ஜாக்கெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிரெஞ்சு லேபிளில் அது தெளிவாகத் தெரியும். 'எய்த் ஆ லா ஃப்ளோத்தபிலிதே' என்றால் மிதப்புக்கு உதவி மட்டும். 50 நியூட்டன், நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குப் பக்கத்தில். 'ஜிலே த சோவ்தாஜ்' என்றால் உயிர் காக்கும் ஜாக்கெட். 100 நியூட்டனும் அதற்கு மேலும். இரண்டையும் நம் கடையில் லைஃப் ஜாக்கெட் என்றே விற்கிறார்கள். ஆண்களுக்கு வெட்டியதைப் பெண் போட்டால் மார்பில் இறுக்கும், தோளில் தூக்கும். இறுக்குகிறது என்று நாடாவைத் தளர்த்தினால் தண்ணீரில் தலை வழியாக உருவிக்கொள்ளும். பெண்களுக்கென்று தைத்ததே வாங்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே போட்டுக்கொண்டு தோள்நாடாவை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை வந்தால் அது வேண்டாம்.

மூன்றாவது கேள்வியில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. அகலம் 30 அங்குலத்துக்கு மேல் இருந்தால் புதியவருக்கு ஆட்டம் குறைவு. ஆனால் 34, 36 என்று போனால் குட்டையானவர்கள் துடுப்புப் போடும்போது முழங்கை ஓரத்தில் இடிக்கும், நீளமான துடுப்பும் வேண்டும். ஆசனம் உயரமாக இருந்தால் மீனைப் பார்க்க வசதி, கவிழவும் வசதி. கால் மிதிக்கும் கட்டை நம் காலுக்கு எட்டும்வரை நகர்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் முதுகு பதில் சொல்லும். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமலிருப்பது நல்லது; ஆள், பெட்டி, தண்ணீர் பாட்டில், கிடைத்தால் மீன், எல்லாம் சேர்த்துத்தான்.

இனி, அன்று நான் ஏன் எழுந்து போனேன் என்பது.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், 1978-ல், என் மனைவிக்கு இங்கிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு கிராமப் பள்ளியில் வேலை கிடைத்தது. சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். கடலூரில் கடையில் லேடீஸ் சைக்கிளும் இருந்தது. நான் பார் வைத்த ஆண்கள் சைக்கிளை வாங்கினேன். உழைக்கும், நானும் ஆபீசுக்கு எடுத்துப் போகலாம், விலையும் பரவாயில்லை. அவளைக் கேட்கவில்லை. புடவையோடு அவள் அந்தப் பாரைத் தாண்டி ஏற இரண்டு நாள் முயன்றாள், பிறகு விட்டுவிட்டாள். பதினோரு வருஷம் நடந்தே போனாள். மழையில், வயிற்றில் பிள்ளையோடு. நான் அந்த சைக்கிளில் ஒன்றிய ஆபீசுக்குப் போய் வந்தேன். "வாங்கிக் குடுத்தேன், அவதான் ஓட்டல" என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆண்கள் சைக்கிள் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை. 1991, 92-ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமாம். எனக்கு இதைப் படித்தபோது தலையில் குட்டியது போல் இருந்தது. அவர்கள் தங்களுக்கு எது சௌகரியம் என்று தாங்களே சொன்னார்கள். நான் சொல்ல விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மகள் பத்து வயதில் என்னோடு பரவனாற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டவள். தக்கை அசைவதை என்னைவிட முன்னால் பார்ப்பாள். பெரியவளானதும் அழைத்துப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்துக் கயாக் என்கிறாள்.

பெண்ணுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். நம் கடற்கரையில் பெண்கள் மீன் விற்றுத்தான் பார்த்திருக்கிறோம், கட்டுமரத்தில் ஏறி நானும் பார்த்ததில்லை. ஆனால் பிச்சாவரம் போகிறவர்கள் ஒரு முறை சுற்றுலாப் படகிலிருந்து தலையைத் திருப்பிப் பார்க்கட்டும். இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில், ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அவர்களுக்குப் படகு கிடையாது. அதை நாம் அழகு என்று போட்டோ எடுக்கிறோம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் சேட்டுவாவில் ரேகா என்பவர் கணவரோடு சமமாகக் கடலுக்குப் போய் வலை இழுக்கிறார். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2017-ல் அவரைக் கௌரவித்தது. என் மகள் பிழைப்புக்காகப் போகவில்லை, பொழுதுபோக்குக்குத்தான். அதற்கும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி.

எங்கே மிதப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பிச்சாவரம் அலையாத்திக் காடு காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் சொந்தப் படகோடு நுழையக் கூடாது. ஏரி என்றால் மீன்பாசி குத்தகை இருக்கும். தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் எத்தனையோ ஏல நோட்டீஸ் என் கையால் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: குத்தகைக்காரர் விட்ட மீன் அவருடைய சொத்து. முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை. கழிமுகம் பக்கம் போனால் முற்பகலிலேயே கடற்காற்று எழும்பிவிடும். புதியவர்கள் பத்து மணிக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது. வெளிக்கடலுக்கு முதல் வருஷம் வேண்டவே வேண்டாம்.

சென்னைக்கு நாங்கள் மூவரும் போனோம். மாப்பிள்ளையைக் கடை வாசலில் டீ குடிக்கச் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே போனார். மகள் ஐந்து படகைத் தரையில் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். விற்கிற பையன் ரோஸ் நிறத்தில் எட்டடிப் படகு ஒன்றை "மேடத்துக்கு இது" என்று காட்டினான். ஒதுக்கிவிட்டாள். கடைசியில் பத்தடி, 31 அங்குல அகலம், 24 கிலோ, மேலே உட்காரும் ரகம். பச்சை நிறம். எனக்கு மஞ்சள் பிடித்திருந்தது, தூரத்திலிருந்து தெரியும் என்று, சொல்லவில்லை. பிறகு அவளே மஞ்சளுக்கு மாற்றிக்கொண்டாள், அதே காரணத்தைச் சொல்லி.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி திண்ணையில் அதைப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். "சிப்பம்தான்" என்றாள்.

நேற்று எங்கள் பக்கத்து ஏரிக் குத்தகைக்காரருக்குப் போன் செய்தேன். தூண்டில் மட்டும்தான், வலைப் பக்கம் வர மாட்டோம், கெண்டைக் குஞ்சைத் திருப்பி விட்டுவிடுவோம் என்று சொன்னேன். "மருமகப் பிள்ளை ஓட்றாரா சார்?" என்றார்.

"இல்லீங்க, என் மக."

"தனியாவா?"

"தனியாத்தான். நான் கரையில இருப்பேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மதகுப் பக்கம் வேணாம்னு சொல்லுங்க சார், இழுக்கும். கிழக்குக் கரையில எறங்கச் சொல்லுங்க, அங்க தரை கெட்டி" என்றார்.